வீட்டுக்குள் நடந்த கொலை: லேசர் ஸ்கேனரை எங்கே வைப்பது, எத்தனை முறை ஓட்டுவது?

கோணமானி:

வணக்கம். சம்பவ இடத்தைப் பதிவு செய்ய எங்கள் பிரிவுக்கு ஃபாரோ ஃபோகஸ் எஸ்70 லேசர் ஸ்கேனர் (சுற்றியுள்ள பரப்புகளை லட்சக்கணக்கான புள்ளிகளாக அளந்து பதியும் கருவி) வந்திருக்கிறது. கூடவே கிடைத்த பயிற்சி கட்டட அளவையாளர்களுக்கானது. கம்பியும் தூணும் அளக்க அது போதும். பிணம் கிடக்கிற, ரத்தம் காயாத ஒரு வீட்டுக்குள் இதை எப்படிக் கொண்டுபோவது என்று அதில் ஒரு வரிகூட இல்லை.

ஒத்திகைக்கு எடுத்துக்கொண்ட வீட்டின் அமைப்பு: முன்பக்கம் திண்ணை, அடுத்து ஹால், ஹாலிலிருந்து கொல்லை வரை 11 மீட்டர் நீள நடை, நடைக்கு இடப்பக்கம் இரண்டு அறைகள், கடைசியில் சமையலறை. தரை முழுக்கப் பளபளப்பான டைல்ஸ். ஓர் அறையில் ஆளுயரக் கண்ணாடி வைத்த ஸ்டீல் பீரோ. சமையலறையில் கறுப்புக் கடப்பா மேடை.

கேட்க வேண்டியவை நான்கு. எத்தனை இடத்தில் வைக்க வேண்டும், எந்தத் தெளிவில்? தடயங்களுக்குப் பக்கத்தில் எண் அட்டை வைக்கும் முன்பா, வைத்த பிறகா? சுவரில் தெறித்த ரத்தத் துளிகளை ஸ்கேனிலிருந்தே அளக்கலாமா? கோப்புகளை நீதிமன்றம் வரை எப்படிப் பாதுகாப்பது?

---

புள்ளிக்கூட்டம்:

வரிசையிலிருந்து தொடங்குகிறேன். இடத்தைத் தவறாகத் தேர்ந்தால் இன்னொரு ஸ்கேன் போட்டுச் சரிசெய்யலாம், வரிசை தப்பினால் சரிசெய்ய வழியே இல்லை.

முதலில் புகைப்படமும் வீடியோவும். அடுத்து நடக்கும் பாதையை முடிவு செய்து மிதிபலகை போடுங்கள். அதன் பிறகு, எண் அட்டை எதுவும் வைக்காமல், எதையும் நகர்த்தாமல் முதல் சுற்று ஸ்கேன். இதுதான் முக்கியமான சுற்று. பிறகு எண் அட்டைகளை வைத்து, தடயம் உள்ள இடங்களில் மட்டும் இரண்டாம் சுற்று. நான்கைந்து ஸ்கேன் போதும். உடலை எடுத்த பிறகு அது கிடந்த தரைக்காக மூன்றாம் சுற்று. மூன்று சுற்றும் ஒரே ஆயத்தில் (ஒரே அளவுச் சட்டத்தில்) உட்கார வேண்டுமென்றால், ஸ்கேன்களை ஒன்றோடொன்று இணைக்க உதவும் டார்கெட், அதாவது குறிப்பொருள், குறைந்தது நான்கு கடைசி வரை நகராமல் இருக்க வேண்டும். ஆகவே முதல் ஸ்கேனுக்கு முன்பே அவற்றை யார் காலும் படாத மூலைகளில் நிறுத்திவிடுங்கள்.

டார்கெட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. காந்தம் வைத்த உருண்டையைப் பீரோ கதவில் ஒட்டுவது கட்டட வேலையில் சகஜம். இங்கே அந்தக் கதவில் கைரேகை இருக்கலாம். கைரேகைப் பிரிவு முடித்துவிட்டேன் என்று சொல்லும்வரை எந்தப் பரப்பிலும் ஒட்டாதீர்கள், காந்தமும் வேண்டாம், பசையும் வேண்டாம். சிறிய ஸ்டாண்டில் நிற்கும் 145 மி.மீ வெள்ளை உருண்டைகளே நல்லது. ட்ரைபாட் கால்களையும் உருண்டைகளையும் ஒவ்வொரு சம்பவத்துக்கும் முன்பும் பின்பும் துடைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். போன வாரச் சம்பவத்தின் உயிரணுவை இந்த வாரச் சம்பவத்துக்குக் கொண்டுவந்து போடும் கருவியாக ட்ரைபாட் ஆகிவிடக் கூடாது. ட்ரைபாட் கால் மிதிபலகை மேல்தான் நிற்க வேண்டும். பலகை ஆடினால் அந்த ஸ்கேன் கெட்டுவிடும், அதனால் மூன்று காலுக்கும் தனித்தனிப் பலகை வைத்துக் கையால் அழுத்திப் பாருங்கள்.

எண்ணிக்கை. நீங்கள் சொல்கிற வீட்டுக்கு 14 முதல் 18 ஸ்கேன் வரும். ஒவ்வொரு அறையிலும் எதிரெதிர் மூலைக்கு அருகில் இரண்டு, ஒவ்வொரு வாசல்படியிலும் ஒன்று, நடையில் மூன்று, ஹாலில் மூன்று, திண்ணையிலும் கொல்லையிலும் ஒவ்வொன்று. வாசல்படி ஸ்கேனை யாரும் விடாதீர்கள். இரண்டு அறையையும் ஒருசேரப் பார்ப்பது அது ஒன்றுதான்.

தெளிவு (புள்ளிகளின் நெருக்கம்) 1/4, தரம் (அளவை இரைச்சலைக் குறைக்கும் அமைப்பு) 3 மடங்கு. 10 மீட்டரில் புள்ளிக்குப் புள்ளி 6.1 மி.மீ. ஓர் இடத்துக்கு சுமார் 3 நிமிடம், வண்ணப் படத்துக்கு மேலும் சில நிமிடம். 1/1 வைத்தால் இன்னும் நுணுக்கமாக வரும் என்று தோன்றும், ஆனால் கிடைப்பது நேர விரயம்தான். லேசர் கற்றை கருவியை விட்டு வெளியே வரும்போதே 2.12 மி.மீ தடிமன், பிறகு மீட்டருக்கு 0.3 மி.மீ வீதம் விரிகிறது. கற்றையைவிடச் சிறியதை எத்தனை புள்ளி போட்டாலும் பிரித்துக் காட்டாது. நேரம் இருந்தால் தெளிவைக் கூட்டாமல் இடங்களைக் கூட்டுங்கள்.

ஏன் என்பதற்குத் தரையே சாட்சி. கருவி 1.5 மீட்டர் உயரத்தில் நிற்கிறது, 6 மீட்டர் தள்ளியுள்ள தரையை அது 14 டிகிரிச் சாய்வில்தான் பார்க்கிறது. குறுக்குவாட்டில் புள்ளி இடைவெளி 4 மி.மீ இருக்கும்போது, கருவியிலிருந்து விலகும் திசையில் அது கிட்டத்தட்ட 16 மி.மீ ஆகிவிடும். அங்கே 19 மி.மீ நீளத் தோட்டா உறை ஒன்று கிடந்தால் அதன்மேல் ஒரு சில புள்ளிகள் விழும். உறையா, அறுந்த பொத்தானா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. தரையில் கிடக்கும் சிறு தடயம் எதுவானாலும் 2 மீட்டருக்குள் ஒரு ஸ்கேன் இருக்க வேண்டும்.

கருவிக்கு நேர் கீழே தெரியாது என்பதும் பலர் மறப்பது. செங்குத்துப் பார்வை 300 டிகிரி, எனவே கீழே 60 டிகிரிக் கூம்பு ஒன்று குருடு. 1.5 மீட்டர் உயரத்தில் அது 87 செ.மீ ஆரமுள்ள வட்டம். அந்த வட்டத்துக்குள் தடயம் இருந்தால் பக்கத்து ஸ்கேன்தான் அதைப் பிடிக்க வேண்டும். கட்டிலுக்கு அடியில், மேசைக்கு அடியில் பார்க்க ட்ரைபாடைத் தாழ்த்தி 70–80 செ.மீ உயரத்தில் ஒரு ஸ்கேன் போடுங்கள். 0.6 மீட்டருக்கும் அருகில் உள்ளதைக் கருவி அளக்காது.

பீரோ கண்ணாடி. கண்ணாடிக்குள் தெரியும் அறையை ஸ்கேனர் உண்மை என்று நம்பி, சுவருக்கு அந்தப் பக்கம் இன்னோர் அறையை வரைந்துவிடும். வெறும் பேய் அறை என்றால் வெட்டி எறியலாம். ஆனால் உங்கள் வீட்டில் பீரோவுக்குப் பின்னால் அடுத்த அறை இருந்தால், பேய்ப் புள்ளிகள் அந்த அறையின் நிஜப் புள்ளிகளோடு கலந்துவிடும். கண்ணாடியைத் துணி போட்டு மூடலாமே என்பார்கள். முதல் சுற்றில் மூடக் கூடாது, இடத்தை மாற்றியதாக ஆகும். அந்த அறையின் ஸ்கேன் எண்களைக் குறித்து வைத்து, இணைப்பதற்கு முன்பே ஒவ்வொரு ஸ்கேனிலும் கண்ணாடிக்குள் விழுந்த பகுதியைத் தனியாக வெட்டுங்கள். இணைத்த பிறகு வெட்டினால் எது எங்கிருந்து வந்தது என்று தெரியாது.

கடப்பா மேடை இரண்டு விதமாகக் கெடுக்கும். கறுப்பு ஒளியை விழுங்கும், பளபளப்பு மீதியை வேறு பக்கம் திருப்பிவிடும். மேடையில் ஓட்டை விழும், அல்லது மேடைக்குக் கீழே இல்லாத புள்ளிகள் முளைக்கும். அருகில் போய், கொஞ்சம் உயரத்திலிருந்து, தரத்தை 4 மடங்காக்கி ஒரு ஸ்கேன் எடுத்தால் பாதிக்கு மேல் சரியாகும். பளபளப்பைக் குறைக்கத் தெளிக்கும் வெள்ளைப் பவுடர் ஸ்பிரேயை இங்கே நினைக்கவே வேண்டாம்.

மின்விசிறி சுற்றினால் அதுவும் அசையும் திரைச்சீலையும் தூசுப்படலமாக விழும். ஆனால் நிறுத்துவதற்கு முன் அது ஓடிக்கொண்டிருந்தது, எந்த எண்ணில் ஓடியது, விளக்குகளில் எது எரிந்தது என்று எழுதி வைத்துவிட்டு நிறுத்துங்கள். லேசருக்கு வெளிச்சம் தேவையில்லை, வண்ணப் படத்துக்குத்தான் தேவை.

ஏசி வண்டியிலிருந்து நேராக வெளியே எடுத்தால் சுழலும் கண்ணாடியில் ஆவி படியும், முதல் இரண்டு மூன்று ஸ்கேன் இரைச்சலாக வரும். பெட்டியைத் திறந்து 20 நிமிடம் நிழலில் வைத்துவிட்டுத் தொடங்குங்கள். அந்த நேரத்தில் மிதிபலகை போடும் வேலையை முடிக்கலாம்.

---

செந்தடம்:

மூன்றாவது கேள்விக்கு மட்டும். அளக்கலாமா என்றால், கூடாது. எங்கே இருக்கிறது என்பதற்கு ஸ்கேன், என்ன வடிவம் என்பதற்குப் புகைப்படம். இரண்டையும் பொருத்தினால்தான் ஆய்வு.

துளி சுவரில் மோதிய கோணத்தைக் கண்டுபிடிக்க அதன் அகலத்தை நீளத்தால் வகுத்து, வரும் எண்ணுக்கு நிகரான சைன் கோணத்தை எடுக்கிறோம். 4 மி.மீ அகலம், 8 மி.மீ நீளம் என்றால் 30 டிகிரி. அகலத்தை ஒரே ஒரு மி.மீ கூட்டிப் படித்தால் 39 டிகிரி, குறைத்துப் படித்தால் 22 டிகிரி. இரண்டு மீட்டரில் உங்கள் கற்றையே 2.7 மி.மீ தடிமன். ஸ்கேனரின் வண்ணப் படத்திலும் அந்தத் தூரத்தில் 4 மி.மீ துளிக்கு ஆறேழு பிக்சல்தான் கிடைக்கும். இந்த அளவை வைத்துக் கோணம் சொன்னால் குறுக்கு விசாரணையில் பத்து நிமிடம் நிற்காது.

செய்ய வேண்டியது இது. ரத்தம் உள்ள சுவரில், துளிகள் மேல் படாமல், படம் எடுக்கப்போகும் ஒவ்வொரு கட்டத்தைச் சுற்றியும் நான்கு சிறு ஒட்டுக் குறிகள். கைரேகையும் ரத்த மாதிரிக்கான இடமும் முடிவான பிறகுதான் இவை. கட்டம் 30 செ.மீ அகலம் இருக்கட்டும். கேமரா சுவருக்குச் செங்குத்தாக, அளவுகோல் சுவரின் அதே தளத்தில், ஒரு பக்கம் தூக்குக்குண்டு நூல். 6000 பிக்சல் அகலப் படமானால் ஒரு பிக்சல் 0.05 மி.மீ. பிறகு அந்தச் சுவருக்கு எதிரே 2 மீட்டரில் ஒரு ஸ்கேன். மென்பொருளில் நான்கு குறிகளையும் கவ்விப் படத்தைப் புள்ளிகள் மேல் உட்காரவைத்தால் துளியின் இடமும் வடிவமும் ஒரே சட்டத்தில் வந்துவிடும்.

எந்தத் துளியைத் தேர்வது என்பதில்தான் அனுபவம் பேசும். ஓரம் சுத்தமாக இருக்கிற நீள்வட்டங்களை எடுங்கள், வால் உள்ள பகுதியை நீள்வட்டத்தில் சேர்க்காதீர்கள். வட்டத்தை நெருங்கும் துளிகளை விட்டுவிடுங்கள். 8 மி.மீ நீளத்தில் 7 மி.மீ அகலம் 61 டிகிரி, 7.5 மி.மீ என்றால் 70. அரை மில்லிமீட்டரில் 9 டிகிரி ஓடுகிறது. சுண்ணாம்பு அடித்து உதிரும் சுவரில் ஓரமே ஊறிப் பரவியிருக்கும். அங்கே கோணம் சொல்வதைவிட "தெறிப்பு இந்தப் பரப்பில் இருந்தது" என்று நிறுத்திக்கொள்வது நேர்மை.

கோடுகளை நேராக நீட்டித்தான் மென்பொருள் தெறிப்பு கிளம்பிய இடத்தைக் காட்டுகிறது. துளி உண்மையில் வளைந்து விழுகிறது, ஆகவே அது காட்டும் உயரம் மேல் வரம்பு. "அடி விழுந்தபோது தலை 1.2 மீட்டர் உயரத்தில் இருந்தது" என்று எழுதாதீர்கள். "1.2 மீட்டருக்கு மேல் இல்லை" என்று, பிழை எல்லையோடு எழுதுங்கள். ஆள் நின்றிருந்தாரா, உட்கார்ந்திருந்தாரா என்ற கேள்விக்குப் பெரும்பாலும் அதுவே போதும்.

---

கோணமானி:

மிக்க நன்றி சார், இருவருக்கும். சொன்னபடி 16 ஸ்கேன் ஓட்டினோம். உருண்டைகளை ஹாலிலும் அறைகளிலும் வைத்தோம், நடையில் வைக்கவில்லை. அங்கே ஸ்கேன்களைப் புள்ளிக்குப் புள்ளி பொருத்தும் முறையிலேயே இணைத்தோம். கொல்லையில் ஸ்கேன் போடவில்லை. அறிக்கையில் சராசரிப் பிழை 2.1 மி.மீ. ஆனால் ஹால் முன்சுவரிலிருந்து நடையின் கடைசிச் சுவர் வரை ஸ்டீல் டேப்பில் 15.62 மீட்டர், ஸ்கேனில் 15.58. நான்கு செ.மீ எங்கே போனது? டேப் தொய்ந்ததாக இருக்குமா?

---

நில_அளவர்:

டேப் இல்லை. டேப் தொய்ந்தால் அளவு கூடித்தான் காட்டும், அந்த வகையில் உங்கள் சந்தேகத்தின் திசை சரி. ஆனால் 15.6 மீட்டரில் 4 செ.மீ கூடுவதற்கு நடுவில் டேப் கிட்டத்தட்ட அரை மீட்டர் தொங்கியிருக்க வேண்டும். தரையில் போட்டு இழுத்திருந்தால் அது நடக்காது. இரண்டாம் தர ஸ்டீல் டேப்புக்கு அனுமதித்த பிழை அந்த நீளத்தில் 3.5 மி.மீதான்.

குற்றவாளி நடை. இரண்டு பக்கமும் வழவழப்பான இணைச் சுவர், கீழே தரை, மேலே தளம். இப்படிப்பட்ட இடத்தில் ஒரு ஸ்கேனை நீளவாட்டில் முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள், சுவர் சுவர் மேலும் தரை தரை மேலும் அப்படியே பொருந்தும். உறைக்குள் வாள் வழுக்குவது மாதிரி. நீளத்தைப் பிடித்து நிறுத்த கதவு நிலை, ஸ்விட்ச் போர்டு என்று சிறியவை மட்டுமே இருக்கின்றன. மென்பொருள் பக்கத்துப் புள்ளிக்குள்ள தூரத்தை மட்டும் பார்த்து 2 மி.மீ என்று மார்க் போட்டுவிடுகிறது. அந்த 2.1, ஸ்கேன்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைத்தான் சொல்கிறது. வீட்டோடு ஒத்துப்போகிறதா என்பதை அது சொல்லாது. இந்த வேறுபாட்டைப் புரியாமல் எத்தனையோ அறிக்கைகள் எழுதப்படுகின்றன, எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம் இது.

தீர்வு மூன்று, மூன்றையும் செய்யுங்கள். நடையில் அடுத்தடுத்த ஸ்கேன் ஒவ்வொரு ஜோடிக்கும் பொதுவாக மூன்று உருண்டை தெரிய வேண்டும். மூன்றும் ஒரே கோட்டில் நிற்கக் கூடாது, உயரமும் வேறுபட வேண்டும். குறுகிய நடையில் இது கஷ்டம்தான். ஒன்றைத் தரையிலும், ஒன்றை எதிர்ச்சுவர் ஓரத்தில் 1.5 மீட்டர் ஸ்டாண்டிலும், ஒன்றை அறை வாசலுக்குச் சற்று உள்ளேயும் வையுங்கள். 1/4 தெளிவில் உருண்டை 15 மீட்டருக்குள் இருந்தால் நல்லது, அச்சடித்த ஏ4 செக்கர்போர்டு (கறுப்பு வெள்ளைக் கட்டத் தாள்) என்றால் 10 மீட்டருக்குள்.

இரண்டாவது, சங்கிலியை மூடுங்கள். கொல்லையில் ஸ்கேன் போடாததால் உங்கள் சங்கிலியின் ஒரு முனை காற்றில் தொங்குகிறது. கொல்லைக் கதவு வழியாக வெளியே போய், வீட்டின் பக்கவாட்டுச் சந்தில் இரண்டு மூன்று ஸ்கேன் போட்டுத் திண்ணையில் வந்து சேர வேண்டும். வளையம் மூடும்போது பிழை இருந்தால் அங்கே மாட்டிக்கொள்ளும், ஒளிய இடமிருக்காது. நிலஅளவையில் டிராவர்ஸ் (தொடர் அளவைக் கோடு) தொடங்கிய இடத்திலேயே மூடுவது போலத்தான் இதுவும்.

மூன்றாவது, நீங்கள் ஏற்கெனவே பாதி செய்துவிட்டது: ஸ்கேனோடு சம்பந்தமில்லாத அளவு. ஒவ்வொரு வேலையிலும் குறைந்தது ஐந்து நீளத்தைக் கையால் அளந்து, அளந்த நேரம், அளந்தவர் பெயரோடு எழுதுங்கள். அவற்றில் இரண்டு அளவு ஓர் அறைக்குள்ளேயே முடிய வேண்டும், இரண்டு அளவு வீட்டின் நீளத்துக்கு ஓட வேண்டும், ஒன்று மூலைவிட்டம். இதற்கு மேல், நீளச் சான்றிதழ் உள்ள ஒரு அளவுக்கோலை முதல் ஸ்கேனிலும் கடைசி ஸ்கேனிலும் தெரியும்படி நிறுத்துங்கள். கருவி அன்றைக்கு, அந்த வீட்டில், ஆரம்பத்திலும் முடிவிலும் சரியாக அளந்தது என்பதற்கு அதைவிட எளிய சான்று கிடையாது. ஆண்டுக்கொரு முறை வாங்கும் அளவுத்திருத்தச் சான்றிதழ் தேவைதான், ஆனால் அது ஆய்வகத்தில் ஒரு நாள் நடந்ததைப் பற்றியது.

ட்ரைபாடைக் கண்ணளவில் சமன்படுத்தி விட்டுவிடாதீர்கள். சாய்வு உணரி 2 டிகிரிக்குள்தான் நம்பகமாக வேலை செய்யும். அதைத் தாண்டினால் செங்குத்து திசை பற்றிய தகவல் போய்விடும், தெறிப்பின் உயரமும் அதோடு போகும்.

---

குவியம்:

ஸ்கேனர் வராத இடங்களுக்காக ஒரு வார்த்தை. எல்லாச் சம்பவத்துக்கும் மாவட்டத்தில் இருக்கும் ஒரே கருவி போய்ச் சேராது. சாதாரண டிஎஸ்எல்ஆர் படங்களிலிருந்து முப்பரிமாண மாதிரி செய்யும் போட்டோகிராமெட்ரி ஓரளவு ஈடுகட்டும். ஜூம் இல்லாத 24 அல்லது 35 மி.மீ லென்ஸ், எஃப்/8, எல்லாம் மேனுவல், ஃபோகஸ் வளையத்தை டேப் ஒட்டிப் பூட்டிவிடுங்கள். ஒரு அறைக்கு 150 முதல் 300 படம். அடுத்தடுத்த படங்களில் 70–80 சதவீதம் ஒரே காட்சி இருக்க வேண்டும். ஒரே இடத்தில் நின்று சுற்றிச் சுற்றி எடுக்கக் கூடாது. ஆழம் கிடைப்பது கேமரா பக்கவாட்டில் நகர்வதால்தான், நின்ற இடத்தில் திரும்பினால் ஆழம் பூஜ்யம். அளவுக்கோல் இரண்டு வையுங்கள், ஒன்றை வைத்து அளவு கொடுத்து, மற்றதை அளந்து சரிபார்க்க. வெறும் வெள்ளைச் சுவரில் இந்த முறை தோற்கும், பிடித்துக்கொள்ள அதற்குப் புள்ளி புரை ஏதாவது வேண்டும். லேசர் நன்றாகச் செய்வது சரியாக அந்த இடத்தில்.

மண்ணில் பதிந்த செருப்புத் தடம், டயர் தடம் ஆகியவற்றுக்கு ஸ்கேனர் இருந்தாலும் அதை நம்பாதீர்கள். தடத்தின் ஆழம் சில மி.மீ, ஸ்கேனரின் தூரப்பிழை 1 மி.மீ. தடத்தைச் சுற்றி 30, 40 படம், எல் வடிவ அளவுகோலைத் தடத்தின் அடிமட்டத்துக்கு இணையாகப் பதித்து எடுங்கள். பிளாஸ்டர் வார்ப்பு அதற்குப் பிறகு. வார்த்துவிட்டால் படமெடுக்கத் தடம் இருக்காது.

ஐபோன் 12 ப்ரோ முதல் ப்ரோ மாடல்களில் வரும் லைடார் (லேசரால் தூரம் அளக்கும் உணரி) 5 மீட்டர் வரை எட்டும். அறை எப்படி இருந்தது என்று அதிகாரிகளுக்கு விளக்க நல்லது. அளவுக்கு வேண்டாம். நடந்துகொண்டே எடுப்பதால் பிழை சேர்ந்துகொண்டே போகும், எவ்வளவு சேர்ந்தது என்று அது சொல்லவும் சொல்லாது.

---

வழக்குக்கட்டு:

நான்காவது கேள்வி. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 176(3) பிரிவு, ஏழு ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வருவதையும், அந்த நடவடிக்கையை வீடியோ எடுப்பதையும் கேட்கிறது. ஸ்கேன் எடுக்கச் சொல்லவில்லை. ஆகவே ஸ்கேன் வீடியோவுக்கு மாற்று இல்லை, பார்வை மகஜருக்கும் மாதிரி வரைபடத்துக்கும் மாற்று இல்லை.

மகஜரில் "சுமார் 11 அடி" என்று இருக்கும், ஸ்கேனில் 3.41 மீட்டர் என்று வரும். பிறகு உட்கார்ந்து மகஜரைத் திருத்தி ஸ்கேனோடு ஒத்துப்போக வைக்கும் எண்ணமே வரக் கூடாது. சாட்சிகள் கையெழுத்திட்டது கையெழுத்திட்டதுதான். வேறுபாடு ஏன் என்று நிபுணர் சாட்சியத்தில் சொன்னால் நீதிமன்றம் புரிந்துகொள்ளும், திருத்தியதை மன்னிக்காது.

கோப்பு. கருவியின் கடிகாரம் இந்திய நேரத்துக்குச் சரியாக இருக்கிறதா என்று முதல் ஸ்கேனுக்கு முன் பாருங்கள். எஸ்டி கார்டிலிருந்து மூலக் கோப்புகளை அன்றே இரண்டு டிஸ்கில் நகல் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எஸ்ஹெச்ஏ-256 ஹேஷ் (கோப்பு மாறினால் தானும் மாறிவிடும் அடையாள எண்) போட்டு எழுதுங்கள். ஒன்று முத்திரையிட்டு உறைக்குள், மற்றதன் நகலில் மட்டும் வேலை. பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் (சாட்சியச் சட்டம்) 63(4) பிரிவு கேட்கும் மின்னணு ஆவணச் சான்றிதழ் இரண்டு பகுதி: கருவியைக் கையாண்டவர் தருவது ஒன்று, நிபுணர் தருவது இன்னொன்று. இரண்டிலும் ஹேஷ் எழுத இடம் உண்டு. ஹேஷ் சம்பவ நாளன்றே எடுத்ததாக இருந்தால் இந்தச் சான்றிதழ் சுலபம். ஆறு மாதம் கழித்து எடுத்தால் அந்த ஆறு மாதத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்.

கெட்டுப்போன ஸ்கேனை அழிக்காதீர்கள். யாரோ குறுக்கே நடந்தார், ட்ரைபாட் ஆடியது, பேட்டரி தீர்ந்தது, எதுவானாலும் இருக்கட்டும். 001 முதல் 016 வரை உள்ள வரிசையில் 009 இல்லை என்றால், எதிர்த்தரப்பு கேட்கும் முதல் கேள்வி 009 பற்றியது. "009: காவலர் ஒருவர் குறுக்கே வந்தார், 010 அதே இடத்தில் மீண்டும் எடுத்தது" என்று குறிப்பேட்டில் ஒரு வரி போதும்.

இணைத்த பிறகு மென்பொருளின் சொந்த வடிவத்தோடு இ57 வடிவத்திலும் ஒரு பிரதி எடுங்கள். வழக்கு மேல்முறையீட்டுக்குப் போகும்போது இந்த மென்பொருளும் உரிமமும் இருக்குமா என்பது யாருக்கும் தெரியாது. இ57 எந்த ஒரு நிறுவனத்துக்கும் சொந்தமில்லாத பொது வடிவம், கிளவுட்கம்பேர் போன்ற இலவச மென்பொருளிலேயே திறக்கும். எதிர்த்தரப்பு நிபுணர் கேட்டால் கொடுக்கவும் அதுவே வசதி.

நீதிமன்றத்தில் காட்டும்போது அளந்ததையும் ஊகித்ததையும் ஒரே திரையில் கலக்காதீர்கள். ஸ்கேனில் ஓட்டை இருந்தால் ஓட்டையாகவே காட்டுங்கள், அழகுக்காக அடைக்க வேண்டாம். தாக்கியவர் நின்ற இடமாக ஒரு பொம்மையை வைத்தால் அது உங்கள் கருத்து, வேறு நிறத்தில் இருக்கட்டும். சாட்சியின் கண் உயரத்திலிருந்து பார்த்தால் அறை வாசல் தெரிகிறதா என்று ஸ்கேனில் காட்டலாம், மிகவும் வலுவான பயன்பாடு அது. ஆனால் இரவு 11 மணிக்கு அந்த வெளிச்சத்தில் முகம் தெரிந்ததா என்பதை ஸ்கேன் சொல்லாது. அந்தக் கேள்வியை உங்கள் படம் முடித்துவைப்பது போல் பேச விடாதீர்கள்.

எண்களை முழுதாகக் கொட்டாதீர்கள். திரையில் 3.4127 என்று வரும். அறிக்கையில் 3.41 மீட்டர், பிழை எல்லை 1 செ.மீ. நான்காவது தசமத்தை எழுதினால் அதையும் நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும்.

---

கோணமானி:

சந்து வழியாகச் சுற்றி வந்து மறுபடி ஓட்டினோம். நடையில் உருண்டைகள் வைத்தோம், திண்ணையில் வளையம் மூடியது. 15.62 மீட்டருக்கு ஸ்கேனில் 15.617. சராசரிப் பிழை மட்டும் 2.1-லிருந்து 2.8 மி.மீ ஆகிவிட்டது. இது கவலைப்பட வேண்டியதா?

---

நில_அளவர்:

இல்லை. முன்பு வழுக்கித் தப்பித்த பிழை இப்போது எல்லா ஸ்கேனிலும் பகிர்ந்து உட்கார்ந்திருக்கிறது. 2.8-ஐயும், கையால் அளந்த ஐந்து நீளங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அறிக்கையில் போடுங்கள். ஐந்தில் எதுவாவது 1 செ.மீ தாண்டினால், வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே அந்தப் பகுதியை மறுபடி ஓட்டுங்கள். அதற்காகவே மடிக்கணினியைச் சம்பவ இடத்துக்குக் கொண்டுபோய், முதற்கட்ட இணைப்பை அங்கேயே செய்து பார்க்க வேண்டும். வீட்டைக் கழுவி விட்ட பிறகு எந்தக் கருவியாலும் அளக்க முடியாது.